தவறான மரத்தடியில் குரைக்கும் நாய்

‘பார்க்கிங் அப் த ராங் ட்ரீ’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால், நீங்கள் தேடுவது அங்கே இல்லை, அல்லது நீங்கள் சந்தேகப்படும் ஆள் அதைச் செய்யவில்லை என்று பொருள். தவறான மரத்தை அண்ணாந்து பார்த்து நாய் குரைக்கிறதாம். நாய்க்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இது அமெரிக்கக் காடுகளில், ரக்கூன் வேட்டையில் பிறந்த வழக்கு. ரக்கூன் பூனையைவிடச் சற்றுப் பெரிய பிராணி. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடுகள். பகலில் மரப்பொந்தில் உறங்கும், இருட்டிய பிறகே இரை தேடும். அதன் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் வெள்ளையர் குடியேறிகள் இரவில் வேட்டைக்குப் போனார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த நரிவேட்டை நாய்கள் தரையில் ஓடும் விலங்கைத் துரத்தப் பழகியவை. மோப்பம் மரத்தடியில் நின்றுபோனால் தடுமாறின. அதனால், இரை மேலே ஏறிவிட்டது என்று உணர்ந்து அந்த மரத்தை விட்டு நகராத நாய்களாகப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். ‘கூன்ஹவுண்ட்’ நாய்கள் அப்படி வந்தவை.

வேட்டை நடக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாய்களை இருட்டுக்குள் அவிழ்த்துவிட்டு, வேட்டைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். தடம் பிடித்து ஓடும் நாய் குரலை நீட்டி முழங்கும். மரத்தை அடைந்ததும் குரல் மாறும். முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றிக்கொண்டு, ஆட்கள் விளக்கோடு வந்து சேரும்வரை விட்டு விட்டுக் குரைக்கும். தன் நாயின் குரல் மாறிய அந்தக் கணத்தை வேட்டைக்காரர் கூட்டத்திலும் பிரித்தறிவார். ஆனால் ரக்கூன் லேசுப்பட்டதல்ல. ஏறிய மரத்திலிருந்து கிளைவழியே அடுத்த மரத்துக்குப் போய்விடும். வாசனை மட்டும் பழைய மரத்தில் தங்கும். நாய் பிடித்த தடம் உண்மையானதே. ரக்கூன்தான் இப்போது அங்கே இல்லை.

1830களின் தொடக்கத்திலேயே இந்த வழக்கு அச்சில் வந்துவிட்டது. டென்னசியைச் சேர்ந்த வேட்டைக்காரரும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமான டேவி கிராக்கெட்டைப் பற்றி 1833இல் வெளியான நூலில் இது ஒருவரை மட்டம் தட்டும் பேச்சாக வருகிறது. இன்று அந்த வசை தேய்ந்துவிட்டது. கூன்ஹவுண்ட் போட்டிகளில் மட்டும் இன்னும் நேர்ப்பொருள் உண்டு: ரக்கூன் இல்லையென்று தெளிவாகத் தெரியும் மரத்தடியில் குரைக்கும் நாய்க்குப் புள்ளி குறையும்.

எல்லாத் தவறுக்கும் இந்த வழக்கைச் சொல்ல முடியாது. கூட்டலில் பிழை விட்டவருக்கு இது பொருந்தாது. மின்கட்டணம் எகிறியதும் ஃப்ரிட்ஜைச் சந்தேகித்து மெக்கானிக்கை அழைக்கிறோம், உண்மையில் மாடித் தொட்டி கசிந்து மோட்டார் ஓயாமல் ஓடுகிறது என்றால், அங்கே இது கச்சிதமாகப் பொருந்தும். முயற்சி இருக்க வேண்டும், அது வேறிடத்தில் செலவாகியிருக்க வேண்டும்.