கொட்டப்பட்டு முகாமில் பதினேழு வயது

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 2021 வரை இதை அகதிகள் முகாம் என்றுதான் அரசும் சொன்னது. 1983 கலவரத்துக்குப் பிறகும், 1990-லும், இறுதிப் போரின்போதும் உயிருக்குப் பயந்து படகேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் வளர்கிறார்கள். இன்று பிளஸ் டூ படிப்பவர்களில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் மனநலம் என்றதும் குண்டுச் சத்தமும் கடல் பயணமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் பெற்றோரின் காயங்கள். பிள்ளைகளுக்கு அடி விழும் இடம் வேறு. பத்தாம் வகுப்பு வரை ஸ்ரீரங்கத்துப் பையனுக்கும் முகாம் பையனுக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு. பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் நிரப்பும்போது, நாட்டுரிமை கேட்கும் கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. கல்லூரியில் சேரலாம், உதவித்தொகையும் உண்டு. ஆனால் அரசு வேலை இல்லை, இந்திய பாஸ்போர்ட் இல்லை. பட்டம் வாங்கிய அண்ணன் பெயின்ட் வேலைக்குப் போவதைத் தினமும் பார்க்கும் தம்பிக்கு, 'நல்லாப் படி' என்ற அறிவுரை எப்படிக் கேட்கும்?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும். மண்டபம் என்ற ஊரில் 1986-இல் பிறந்த கொட்டப்பட்டு முகாம்வாசி ஒருவர் உயர் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் பெற்றார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின், 1987 ஜூலை முதல் பிறந்த தலைமுறைக்கு அந்த வழி இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பதினேழு வயதில் இந்த ஏமாற்றம் தரும் மனச்சோர்வு அழுகையாக வெளிப்பட வேண்டும் என்பதில்லை. ஓயாத தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, சட்டென்று எழும் கோபம், நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கு மட்டம் போடுவது என்று பல வேடங்களில் வரும். அதைத் 'திமிர்' என்று திட்டி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம்.

ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே உண்மையைச் சொல்லத் தொடங்கலாம்: எந்தப் படிப்பு திறந்திருக்கிறது, எது இல்லை, எந்தத் தனியார் வேலைக்கு என்ன சான்று போதும். கதவு மூடியிருப்பதைக் கடைசி நாளில், சக மாணவர்கள் முன்னால் தெரிந்துகொள்வதுதான் பிள்ளையை உடைக்கிறது. முகாம்களில் பல ஆண்டுகளாக இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாரிடம் இந்த விவரங்களைக் கேட்கலாம். மனம் விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.