உழவாரனும் குளமும்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் தோணியிலிருந்து பறவைகளை நோக்குவோர் நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் எளிதில் இனங்காண்பர். நீர்மட்டத்தை உரசி விரையும் உழவாரனையோ பலர் தகைவிலான் என மயங்குவர். தகைவிலான் கம்பியில் அமரும், உழவாரன் அமராது. அதன் சிறு கால்கள் பற்றித் தொங்குவதற்கே உதவுவன. இரைதேடல், நீரருந்தல் யாவும் பறந்தவாறே நிகழ்கின்றன. ஐரோப்பிய உழவாரன் 10 மாதங்கள் வரை தரையிறங்காது பறப்பதை 2016இல் சுவீடன் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இத்தகைய பறவையைத் தளையற்ற சுதந்திரத்தின் குறியீடாகக் கொள்வது கற்பனாவாத மரபுக்கு இயல்பே. ஆயின் தோணியிலிருந்து நாம் காண்பது வேறு. நீரிலிருந்து எழும் பூச்சிகளுக்காகவே அது இங்கு வட்டமிடுகின்றது. அந்நீரோ, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனித உழைப்பு அணைகட்டித் தேக்கியது. பனை உழவாரன் பனையோலையின் அடிப்புறத்தே இறகுகளை உமிழ்நீரால் ஒட்டிக் கூடமைப்பது. 2009 வரை நீடித்த போரில் பனைகள் பெருந்தொகையாக அழிந்தபோது, சீவல் தொழிலாளியின் பிழைப்போடு இப்பறவையின் உறைவிடமும் அழிந்தது.

பெயரும் நோக்கத்தக்கது. உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. அப்பரின் திருவுருவங்களில் நாம் காண்பதும் அதுவே. பறவைக்கு அப்பெயரை இட்டோர் ஏட்டுப் புலவரல்லர். குனிந்து புல் செதுக்கியோராகவே இருத்தல் வேண்டும்.