வாசலை அடைக்கும் கூட்டம்

தம் ஊர் ஏரிக்கு வந்துபோகும் பறவைகளுக்கு வருஷந்தோறும் கணக்கு எழுதுகிறவர், பழைய நாணயங்களின் படங்களைத் திரட்டி வைப்பவர், கிராமபோன் தட்டுகளுக்கு அட்டவணை தயாரிப்பவர் என, லாப நோக்கம் சிறிதுமின்றி, அலுவலகத்திலிருந்து திரும்பிய பின் இராத்தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, மாத வாடகைக்கு ஒரு சர்வரில் கொஞ்சம் இடம் பிடித்து, தாம் நேசிக்கும் ஒரு விஷயத்தை உலகத்துக்கெல்லாம் திறந்துவைக்கும் மனிதர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். முன்பின் அறியாத யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் எழுதும் நன்றிக் கடிதமே அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியம். நம் பெரியவர்கள் வீடு கட்டும்போது, பெயர்கூடத் தெரியாத வழிப்போக்கர் வந்து இளைப்பாறட்டும் என்று தெருப் பக்கம் ஒரு திண்ணையை வைத்துக் கட்டினார்கள். இத்தகைய இணையதளங்களை அந்தத் திண்ணை தர்மத்தைச் சேர்ந்தவை என்றே நான் கருதுகிறேன்.

இப்படிப்பட்ட தளம் ஒரு நாள் காலையில் திறக்காமல் போவதற்குக் காரணங்கள் இரண்டு வகைப்படும். யாருடைய துவேஷமும் இன்றித் தானே நேரும் முடக்கம் ஒன்று: மின்சாரம் போகும், சேமிப்பு வட்டு பழுதாகும், சர்வர் இருக்கும் கட்டடமே தீப்பற்றிக்கொள்ளும். மற்றொன்று மனிதர் மனமறிந்து செய்யும் தீங்கு. அதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். இதில் களவு இல்லை, பூட்டு உடைக்கப்படுவதில்லை. உள்ளே வரும் எண்ணமே இல்லாத ஒரு பெருங்கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, உண்மையான விருந்தாளி நெருங்க வழியில்லாமல் திரும்பிப் போகிறார். தளம் நடத்துபவர் செய்த பிழை எதுவும் இல்லாமலே அவருடைய உழைப்பு பயனற்றுப் போகிறது.

இந்தத் தீங்கை உலகம் முதன்முதலில் உற்றுநோக்கும்படி செய்த சம்பவங்களுள் ஒன்று 1996 செப்டம்பரில் நிகழ்ந்தது. நியூயார்க் நகரில் 1989 முதல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கிவந்த பானிக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் சர்வர்கள் பல நாட்கள் தொடர்ந்து ஸ்தம்பித்தன. ஒரு கணினி மற்றொரு கணினியோடு பேசத் தொடங்குமுன் மூன்று வார்த்தைகள் பரிமாறப்பட வேண்டும் என்பது இணையத்தின் சம்பிரதாயம். ‘வரலாமா?’ என்று வந்தவர் கேட்பார். ‘வாருங்கள்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். ‘இதோ வந்துவிட்டேன்’ என்று வந்தவர் உறுதி செய்வார். இரண்டாம் வார்த்தைக்கும் மூன்றாம் வார்த்தைக்கும் இடைப்பட்ட கணத்தில், வருகிறவருக்கென்று சர்வர் தன் நினைவில் ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கிறது. கல்யாணப் பந்தியில், கைகழுவப் போனவருக்காக இலை போட்டு இடம் பிடித்து வைப்பதைப் போன்றது இது. பொய்யான முகவரியைச் சொல்லி ‘வரலாமா?’ என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், பந்தி முழுவதும் ஆளில்லா இலைகளால் நிறைந்துவிடும். பசியோடு வந்தவர் வெளியில் நிற்பார். பானிக்ஸுக்கு நேர்ந்தது இதுவே.

அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் வகுத்த உபாயம் இன்றளவும் லினக்ஸ் சர்வர்களில் கைகொடுத்து வருகிறது. வந்தவருக்கு உடனே இலை போடாமல், கணக்கிட்டு உருவாக்கிய ஓர் இரகசியச் சீட்டை மட்டும் கையில் கொடுத்தனுப்பி, சீட்டோடு திரும்பி வருபவருக்கே இடம் ஒதுக்குவது என்பதே அதன் சாரம். பொய் முகவரிக்காரரைச் சீட்டு சென்றடையாது. ஆகையால் அவர் திரும்பி வருவதும் இல்லை. இன்னொரு பரிகாரம் 1998 ஜனவரியில், இணைய நெறிகளை வகுக்கும் பொறியாளர்களின் ஆவணம் ஒன்றில் முன்வைக்கப்பட்டது. ஒரு வலையமைப்பிலிருந்து புறப்படும் தகவல் பொட்டலம் பொய்யான அனுப்புநர் முகவரியோடு வெளியேறாதபடி, அந்த வலையமைப்பே தன் எல்லையில் நின்று தடுத்துவிட வேண்டும் என்று அது வற்புறுத்தியது. இதற்கான பிரயாசை தடுப்பவருக்கு, பலனோ எங்கோ இருக்கும் மற்றொருவருக்கு. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதைச் செய்யாத வலையமைப்புகள் இருந்து வருகின்றன. ஒரு தளம் திறந்திருப்பது அதை நடத்துபவரின் சாமர்த்தியத்தை மட்டும் பொறுத்ததன்று, அதைப்பற்றிக் கேள்விப்பட்டே இராத மனிதரின் பொறுப்புணர்ச்சியையும் பொறுத்தது என்ற உண்மையை அந்த ஆவணத்திலேயே காணலாம்.

பானிக்ஸ் சம்பவத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 2016 செப்டம்பர் 20 அன்று, அவ்வுண்மை பயங்கரமாக நிரூபணமாயிற்று. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் பணியாற்றிய பிரையன் கிரெப்ஸ், அதை விட்டு வெளிவந்த பின், இணையக் குற்றங்களைத் துப்பறிந்து எழுதும் தளம் ஒன்றைத் தனியொருவராக நடத்தி வந்தார். பணம் வாங்கிக்கொண்டு பிறர் தளங்களைத் தாக்கித் தரும் ஒரு கூலிச் சேவையைப் பற்றி அவர் எழுதி, இஸ்ரேலில் இரு இளைஞர்கள் கைதான சில நாட்களுக்குள், வினாடிக்கு ஏறத்தாழ 620 ஜிகாபிட் வேகத்தில் அவருடைய தளத்தின்மேல் வெள்ளம் பாய்ந்தது. அவருக்கு இலவசமாகப் பாதுகாப்பு அளித்துவந்த அகமாய் நிறுவனம் அதுவரை கண்டிருந்த மிகப் பெரிய தாக்குதலைப்போல் இது கிட்டத்தட்ட இரு மடங்கு. தளம் முதலில் சாயவில்லை. ஆனால் அதைத் தாங்கி நிறுத்தும் செலவு, பணம் செலுத்தும் மற்ற வாடிக்கையாளர்களைப் பாதிக்கும் நிலை வந்தபோது, அகமாய் விலகிக்கொண்டது. அதே தரமான பாதுகாப்பை விலை கொடுத்து வாங்குவதானால் ஆண்டுக்கு 1,50,000 முதல் 2,00,000 டாலர் வரை ஆகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தனிமனிதர் ஒருவருக்கு அது எட்டாத தொகை.

அந்தச் சந்தர்ப்பத்தில் கிரெப்ஸ் செய்த காரியம் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. கேடயம் நீங்கிய மறுகணமே, தம் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த சிறு நிறுவனத்தின்மேல் அந்த வெள்ளம் திரும்பும் என்பதை உணர்ந்து, தம் தளத்தின் பெயருக்குரிய முகவரியை 127.0.0.1 என்று மாற்றும்படி அவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு கணினிக்கும் தன்னையே குறிக்கும் எண் அது. ஆகவே தேடி வருபவர் எவரும் அத்தளத்தை அடைய இயலாது. தம் வாசலைத் தாமே மூடிப் பக்கத்து வீட்டை அவர் காப்பாற்றினார். பத்திரிகையாளர்களுக்கென்று கூகுள் இலவசமாக நடத்தும் ‘புராஜெக்ட் ஷீல்டு’ என்னும் ஏற்பாட்டின் நிழலில், செப்டம்பர் 25 அன்று தளம் மீண்டும் திறந்தது.

அத்தனை பெரிய சேனை எங்கிருந்து வந்தது? வீடுகளிலும் கடைகளிலும் மாட்டிவைத்த கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் படங்களைப் பதிவு செய்யும் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவையே அந்தச் சேனை. ‘மிராய்’ என்று பெயரிடப்பட்ட நிரல் ஒன்று இணையமெங்கும் அலைந்து, தொழிற்சாலையில் வைத்தபடியே மாற்றப்படாமல் இருந்த பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ 60ஐ ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் ஏவலுக்கு உட்படுத்தியது. உச்ச நிலையில் அதன் வசப்பட்ட கருவிகள் சுமார் 6,00,000 என்று ஆராய்ச்சியாளர் பின்னர் கணக்கிட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்னும் நிறுவனத்தை இதே வகைச் சேனை தாக்கியபோது, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் போன்ற பெருந்தளங்களும் பலருக்குக் கிட்டாமற்போயின. மிராயை உருவாக்கியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குச் சர்வர் நடத்துவோரிடையே நிலவிய வியாபாரப் போட்டியில் முளைத்தது இந்தத் தீமை. 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

ஊதியம் பெறாதவர்கள் கூடி நடத்தும் தளத்துக்கும் இதே கதி நேர்ந்தது. கதைகளையும் திரைப்படங்களையும் விரும்பும் ரசிகர்கள், தம் அபிமான பாத்திரங்களை வைத்துத் தாமே எழுதும் கதைகளைச் சேமிப்பதற்காக 2009இல் திறந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் களஞ்சியம் விளம்பரம் இன்றி, நன்கொடையையும் தொண்டர்களின் ஓய்வு நேரத்தையும் கொண்டே நடக்கிறது. 2023 ஜூலை 10 அன்று அது தாக்கப்பட்டது. பொறுப்பேற்றுக்கொண்ட கும்பல் 30,000 டாலர் கேட்டு மிரட்டியது. தொண்டர்கள் பணிந்துவிடவில்லை, இடைக்காலக் கேடயம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ ஒரு நாளில் தளத்தை மீட்டார்கள்.

பகைவன் இல்லாத இடத்திலும் அபாயம் உண்டு. 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதும் எரிந்து போயிற்று. ஏறத்தாழ 36,00,000 இணையதளங்கள் அன்று முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. பிரதியை வேறு ஊரில் வைத்திருந்தவர் சில நாட்களில் மீண்டார்; பிரதியே இல்லாதவரும், அதே வளாகத்தில் பிரதியை வைத்திருந்தவரும் தம் பல ஆண்டு உழைப்பை இழந்தனர். கேடயமும் சில வேளை தானே உடைந்துவிடும். 2025 நவம்பர் 18 அன்று, எண்ணற்ற தளங்கள் அண்டி நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில், ஒரு கோப்பு எதிர்பாராத அளவுக்குப் பருத்துவிட்டதால் பல மணி நேரம் உலகெங்கும் தளங்கள் தடுமாறின. அந்நிறுவனத்தாரே முதலில் அதைத் தாக்குதலோ என்று சந்தேகித்தனர்.

அப்படியானால், எளிய தளத்தை நடத்துபவர் என்னதான் செய்யக்கூடும்? இடம் கொடுத்த நிறுவனம், தாக்கப்படும் முகவரிக்கு வருவன அனைத்தையும், நல்லது கெட்டது பாராமல் கொட்டிவிட்டு மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாலும் நடப்பது; அதை அவர் குறைகூறவும் இயலாது. ஆனால் தம் அளவில் செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. யாரேனும் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் துழாவி ஒரு பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுப்பதைவிட, முன்கூட்டியே சமைத்துவைத்த நிலையான பக்கங்களைப் பரிமாறினால், பெருங்கூட்டத்தையும் ஒரு சிறு சர்வர் தாங்கும். கேடயத்துக்குப் பின்னால் நிற்கும்போது மூல சர்வரின் முகவரி வெளியே கசியாமல் காத்தால், தாக்குபவர் கேடயத்தைச் சுற்றிக்கொண்டு வர முடியாது. தளத்தின் பெயரை ஓரிடத்திலும் சர்வரை வேறிடத்திலும் பதிந்துகொண்டால், ஒன்று போனாலும் மற்றதைக் கொண்டு புதிய இடத்தில் கடையை விரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேற்றூரில் ஒரு பிரதி வேண்டும். அப்பிரதியிலிருந்து தளத்தை உண்மையிலேயே மீட்டெழுப்ப முடிகிறதா என்று அமைதியான நாளொன்றில் சோதித்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

பிரதியின் மகிமையைத் தமிழருக்கு எவரும் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. கறையானுக்கும் ஈரத்துக்கும் நெருப்புக்கும் தப்பி நம் இலக்கியம் பிழைத்ததற்குக் காரணம், ஓர் ஏடு இற்றுப்போகுமுன் மற்றோர் ஏட்டில் அதை எழுதிவைத்த பெயர் தெரியாத கைகளே. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அது ஒரே வீட்டில் ஒரே பெட்டிக்குள் முடங்கிக் கிடக்காததனால் அல்லவா? 1998 பொங்கலன்று தொடங்கி, தொண்டர்களின் உழைப்பினாலேயே தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டம், முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் தன் கோப்புகளை இலவசமாகப் பகிரலாம் என்று அனுமதித்திருக்கிறது. அந்த ஒரு வரி அனுமதி எந்தக் கேடயத்திலும் வலியது என்பது என் துணிபு. ஆயிரம் கணினிகளில் பரவிக் கிடப்பதை எந்தக் கூட்டமும் வாசலை மறித்து மறைத்துவிட முடியாது.

பிரதி செல்வத்தைக் காக்கும். வாசலைக் காப்பது ஊராரின் கடமை. அதைச் சட்டங்களும் உணரத் தொடங்கிவிட்டன. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும், யாவருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லோடு கேமரா, ரவுட்டர் போன்ற கருவிகளை விற்பதற்குத் தடை வந்துள்ளது. ஆனால் ஏற்கெனவே விற்றுப்போய், சுவரில் மாட்டப்பட்டு, மறக்கப்பட்ட கருவிகளைச் சட்டம் தேடி வந்து திருத்தப் போவதில்லை. மிராய், கருவியின் தற்காலிக நினைவில் மட்டுமே தங்குவது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். கடவுச்சொல் பழையதாகவே இருந்தாலோ சற்று நேரத்தில் மீண்டும் வந்து குடியேறும்.

ஆகவே இன்று மாலை வீடு திரும்பும்போது, கதவுக்கு மேலே திருடருக்கு அஞ்சி நாம் மாட்டிவைத்திருக்கும் கேமராவை ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்போம். வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லே இன்னும் அதில் இருக்குமானால், நம் வாசலைக் காப்பதற்காக நிற்கும் அது, உலகின் வேறொரு மூலையில் யாரோ ஒருவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு திறந்துவைத்த வாசலை, நமக்குத் தெரியாமலே அடைத்துக்கொண்டு நிற்கவும் கூடும். அதை மாற்றுவதற்குச் சில நிமிஷங்கள் போதும்.