மலையின் உள்ளே பார்க்கும் மியூவான்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டி நிற்கும் போடி மேற்கு மலையை நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் கனம்தான். சார்னோகைட் என்ற இறுகிய பாறை அது. ஏறக்குறைய 2 கி.மீ. சுரங்கம் வெட்டி உள்ளே போனால், எந்தப் பக்கம் அளந்தாலும் 1 கி.மீ.க்குக் குறையாத காப்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீரையும் காட்டையும் எண்ணி மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இவ்வளவு பாறை எதைத் தடுப்பதற்காகத் தேவைப்பட்டதோ, அந்தத் துகள்தான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

அதன் பெயர் மியூவான். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றில் மோதும்போது பிறக்கிறது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்துக்குள் ஒளியே 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் ஒளியை நெருங்கும் வேகத்தில் ஓடும் துகளுக்குக் காலம் மெதுவாகவே நகர்கிறது. ஐன்ஸ்டைன் சொன்ன அந்த விதியால்தான் அது தரைவரை வந்து சேர்கிறது. விரித்த உள்ளங்கையை விநாடிக்கு ஒன்றாவது துளைத்துப் போகிறது.

பாறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆற்றலை இழக்கிறது. பெரும்பாலானவை சில மீட்டர்களிலேயே நின்றுவிடும். 1 கி.மீ. ஆழத்தை எட்டுவது பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான். நியூட்ரினோவைத் தேடுபவருக்கு மியூவான் வெறும் இரைச்சல், வடிகட்டத்தான் மலை. ஆனால் எத்தனை நின்றன, எத்தனை தப்பின என்ற கணக்கிலேயே பாறையின் கனம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால், அந்த வழியில் பாறை குறைவு: ஒரு குகையோ, பழைய சுரங்கமோ இருக்க வேண்டும். எலும்பை எக்ஸ்ரே காட்டுவதுபோல, மலையை வானமே படம் எடுத்துத் தருகிறது.

1955இல் ஈ.பி. ஜார்ஜ் ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்துக்கு மேலிருந்த பாறையின் கனத்தை இப்படித்தான் அளந்தார். நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரெஸ், எகிப்தின் காப்ரே பிரமிடுக்குள் ரகசிய அறை உண்டா என்று தேடி, அவர் பார்த்த பகுதியில் இல்லை என்று 1970இல் அறிவித்தார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே பெரிய வெற்றி. 2017இல் கூபூ பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் தெரிந்தது. ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை.

நம் ஊட்டியிலும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கியை இயக்குகிறது. 2014 டிசம்பர் 1 அன்று வானில் நின்ற இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கையில் நேர்ந்த சிறு மாற்றத்தை வைத்தே கணித்தார்கள்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. துகள்கள் மேலிருந்தும் சாய்வாகவும்தான் வரும். ஆகவே கருவி, தேடும் பொருளுக்குக் கீழேயோ பக்கவாட்டில் தாழ்ந்தோ இருக்க வேண்டும். எண்ணிச் சேர்க்க வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். போடி நகரத் தெருவில் புதைந்த குடிநீர்க் குழாயைத் தேட இது உதவாது. அதற்குத் தரை ஊடுருவும் ராடார் போதும். ஈரமான களிமண்ணில் அதன் அலைகள் விரைவில் மங்கிவிடும் என்றாலும், குழாய் கிடப்பது கைக்கெட்டும் ஆழத்தில்தானே.

போடிமெட்டு மலைச்சாலை வேறு விஷயம். மழைக்காலத்தில் அங்கே பாறை உருளும், மண் சரியும். சரிவுக்குள் நீர் ஊற ஊற அதன் கனம் கூடும். அந்தத் திசையில் மியூவான் குறையும். ஜப்பானில் நிலத்தடி நீர்மட்டத்தை இப்படிக் கண்காணிக்க முயன்றிருக்கிறார்கள். இதற்கு மலையைக் குடைய வேண்டாம். சில சதுர மீட்டர் கருவியைச் சரிவின் அடிவாரத்தில் வைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதும் எண்ணிப் பார்க்கலாம்.