முதலில் துணை, பிறகு பெயர்

"சாமி, நான் பேரை மாத்தணுமா?"

பங்கு அலுவலக மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டார். பாஸ்கா திருவிழிப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பாதுகாவலரான புனிதரின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அந்தப் பெண்ணின் பெயர் அவருடைய அப்பா வைத்தது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பங்குத்தந்தை பேனாவை மூடி வைத்தார். "பேரை மாத்தச் சொல்லி யாரும் கேக்கலைம்மா. உங்களுக்குத் துணையா யார் வரணும்னு யோசிச்சுட்டு வாங்க. அப்புறமா எழுதிக்கலாம்."

புதிதாகத் திருச்சபைக்கு வருகிறவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித் தரும் எனக்கு, இந்தப் பதிலைவிட நல்ல பாடம் தெரியாது. பெயரைப் பற்றிய குழப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது?

மிகக் குறைவாகத்தான் கேட்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெயரைப் பற்றி 855-ஆம் எண்ணில் ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை வைக்காமல் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குப்பணியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1917-ஆம் ஆண்டின் பழைய தொகுப்பு இதைவிடக் கண்டிப்பானது. பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்கவில்லை என்றால், குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நம் பாட்டன் பாட்டி காலத்தில் வீட்டில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இருந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

உறுதிப்பூசுதலுக்குப் புதுப் பெயர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது வழக்கம். அயர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் வேரூன்றிய வழக்கம். அங்கே வாழும் தமிழ்ப் பிள்ளைகளிடம் பள்ளியிலோ பங்கிலோ "உறுதிப்பூசுதல் பெயர் என்ன?" என்று கேட்பார்கள். இங்கே பல பங்குகளில் திருமுழுக்குப் பெயரைச் சொல்லியே பூசுகிறார்கள். இரண்டும் சரியானவை.

வயதுவந்தோர் திருச்சபையில் சேர்வதற்கான சடங்கு நூலில் இன்னும் அழகான ஓர் இடம் உண்டு. புனித சனிக்கிழமைத் தயாரிப்பில் பெயர் தேர்ந்துகொள்ள ஒரு சிறு சடங்கு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வழங்கும் பெயராகவே அது இருக்கலாம். புதுப் பெயர் வேண்டாம் என்றால், ஏற்கெனவே உள்ள பெயரின் பொருளைக் கிறிஸ்தவ நம்பிக்கையின் ஒளியில் விளக்கிச் சொன்னாலே போதும். அன்பு, அருள், ஒளி, வெற்றி என்று பொருள் தரும் நம் தமிழ்ப் பெயர்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது!

நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

திருமுழுக்கே பெறாதவர் என்றால், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் வழக்கமாக ஒரே இரவில், பாஸ்கா திருவிழிப்பில் கிடைக்கும். திருமுழுக்குக் கொடுக்கும் குருவே உறுதிப்பூசுதலும் கொடுப்பார். அதற்காக ஆயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே உங்களுக்கு ஒரே பெயர் இரண்டுக்கும் போதும்.

சி.எஸ்.ஐ., லூத்தரன் போன்ற சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் என்றால், மறுபடி திருமுழுக்கு கிடையாது. அந்தத் திருமுழுக்கும் அன்று சொல்லப்பட்ட பெயரும் அப்படியே நிற்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் முழு உறவுக்குள் வரும்போது விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதல் பெறுவீர்கள். பாதுகாவலரின் பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் அதுதான் நேரம்.

பெயர் மாறிய கதைகள்

ஆபிராம் ஆபிரகாம் ஆனார். சீமோனைப் பார்த்த உடனே இயேசு அவருக்குப் பாறை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இரண்டிலும் பெயரோடு ஒரு பணியும் வந்தது. சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனார் என்று பலரும் சொல்வதுண்டு. திருத்தூதர் பணிகள் நூல் அப்படிச் சொல்லவில்லை. தமஸ்கு வழியில் ஆண்டவரைக் கண்ட பிறகும் அவர் சவுல்தான். 13-ஆம் அதிகாரத்தில்தான் சவுலுக்குப் பவுல் என்ற பெயரும் உண்டு என்று வருகிறது. ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்.

தொடக்கத் திருச்சபையில் பலர் பழைய பெயரோடேயே இருந்தார்கள். 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த தியோனிசியுவின் பெயரே ஒரு கிரேக்க தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. விசுவாசிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பேதுரு, பவுல் என்று அன்போடு பெயர் வைப்பதைக் குறித்து எழுதியவரும் அவரே. தன் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இன்று அவரும் புனிதர்.

நம் மண்ணின் கதைக்கு வருவோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் பணி செய்தவர். வீட்டில் அடுத்தடுத்து இழப்பு நேர்ந்தபோது, டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அந்த உரையாடல் அவரை வடக்கன்குளத்துக்கு அழைத்துப் போயிற்று. 1745 மே 14 அன்று அங்கே இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பது பெயர். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். அந்தப் பொருளையே தமிழில் சூடிக்கொண்டு அவர் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றபோது, இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் இவரே. பெயர் எபிரேயத்திலிருந்து வந்தது, ஆனால் தமிழ்க் காதில் அது நம் வீட்டுப் பெயர்.

இன்னொரு கதை சூடான் நாட்டுப் பெண்ணுடையது. சிறுமியாக இருந்தபோது அடிமை வணிகர்கள் கடத்திச் சென்றார்கள். அந்த அதிர்ச்சியில் தாய் தந்தை வைத்த பெயரே அவளுக்கு மறந்துபோனது. கடத்தியவர்கள் வைத்த பெயர் பக்கிதா. அரபு மொழியில் 'பாக்கியவதி'. 1890 ஜனவரி 9 அன்று வெனிசில் அவர் ஒரே நாளில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் பெற்றார். ஜோசபின், மார்கரெட் என்ற பெயர்களோடு ஃபார்ச்சுனாட்டா என்ற பெயரும் சேர்ந்தது. அது பக்கிதா என்பதற்கு லத்தீன் சொல். கொடுமைக்காரர்கள் ஒட்டிய பெயரைத் திருச்சபை பிடுங்கி எறியவில்லை, அதன் பொருளை மெய்யாக்கியது. 2000-இல் அவர் புனிதரானபோது உலகம் அறிந்த பெயர் ஜோசபின் பக்கிதா.

ஆண், பெண் என்ற தயக்கமும் வேண்டாம். ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845-இல் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமன், அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உறுதிப்பூசுதலுக்கு எடுத்துக்கொண்ட பெயர் மரியா.

எப்படித் தேடுவது?

அகராதியில் அழகான பெயர் தேடுவது போலத் தேடாதீர்கள். உங்கள் வாழ்க்கையில் எந்த இடம் வலிக்கிறது, எந்த வேலையில் கை ஓடுகிறது, எந்தப் பாவம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே நின்று ஜெயித்த ஒருவர் இருப்பார்.

வழிதவறிய மகனுக்காக அழும் தாய்க்கு மோனிக்கா. அவர் திருநாள் ஆகஸ்ட் 27, அடுத்த நாளே மகன் அகுஸ்தினாருடைய திருநாள். நோயாளிகளைப் பராமரிக்கும் தாதியருக்குக் கமில்லஸ். தோல் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டவருக்கு, லீமா நகரில் மடத்து நோயாளிகளுக்குப் பணிசெய்து வாழ்ந்த மார்ட்டின் தெ போரஸ். சந்தேகம் விடாமல் துரத்துகிறவருக்குத் தோமா. இலங்கை வேருள்ளவர்களுக்கு, ஒளிந்தும் நடந்தும் அந்தத் தீவின் விசுவாசத்தைக் காத்த ஜோசப் வாஸ். இளைஞர்களுக்கு, 15 வயதில் இறந்து 2025-இல் புனிதரான கார்லோ அக்குத்திஸ்.

சில நேரம் நாம் தேடுவதற்கு முன்னால் அவர்களே வந்துவிடுவார்கள். யூத குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர் எடித் ஸ்டைன், 1921 கோடையில் நண்பர் வீட்டில் அவிலா தெரேசாவின் தன்வரலாற்றை எடுத்துப் படித்தார். 1922 ஜனவரி 1 அன்று திருமுழுக்குப் பெற்றபோது தெரேசா அவருடைய பெயரில் இருந்தார்.

நான் சொல்லித் தரும் வழி எளிமையானது. தவக்காலத் தொடக்கத்தில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் வரலாற்றையும் முழுதாகப் படியுங்கள். புதுமைகளை மட்டும் படிக்காமல், அவர் பட்ட தோல்விகளையும் படியுங்கள். பிறகு ஒரு வாரம் ஒருவர் வீதம், இரவில் படுக்குமுன் "எனக்காக மன்றாடும்" என்று பேசிப் பாருங்கள். யாரிடம் பேச்சு தானாக நீள்கிறதோ அவரே உங்களுக்குரியவர். முடிவெடுக்குமுன் ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தையிடம் சொல்லுங்கள். நம்மை அறிந்தவர்களுக்குச் சில சமயம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். புனிதரை நாம் ஆராதிப்பதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. பாதுகாவலர் நமக்காகப் பரிந்து பேசும் மூத்த சகோதரர், சகோதரி.

எந்த அந்தோணியார்?

பெயரைத் தேர்ந்ததும் ஆளையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தோணி என்றால் ஜூன் 13-க்குரிய பதுவை அந்தோணியாரா, ஜனவரி 17-க்குரிய வனத்து அந்தோணியாரா? தெரேசா என்றால் அவிலாவா, லிசியேவா, கொல்கத்தாவா? தமிழ் வடிவம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பேதுருவை இராயப்பர், பவுலைச் சின்னப்பர், யாக்கோபைச் சந்தியாகப்பர், ஸ்தேவானை முடியப்பர் என்று நம் முன்னோர் அழைத்தார்கள். ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். அந்தப் பெயர்களில் ஊர் மண் ஒட்டியிருக்கிறது.

பதிவேடும் அரசு ஆவணமும்

கோயிலில் பெறும் பெயர் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ தானாக மாறாது. அரசு ஆவணங்களிலும் மாற்ற விரும்பினால் அரசிதழில் வெளியிடும் நடைமுறை தனி. மாற்ற விரும்பாதவர்கள், திருமுழுக்குப் பதிவேட்டில் ஆவணப் பெயரையும் பாதுகாவலர் பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பின்னாளில் திருமணத்துக்குக் கேட்கப்படும் சான்றிதழ் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் வரும். உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே பதிவில்தான் குறிக்கப்படும்.

அந்த இரவு

உறுதிப்பூசுதலின்போது ஞானப்பெற்றோர் உங்கள் தோளில் வலக்கையை வைப்பார். கிறிஸ்மா என்பது ஒலிவ எண்ணெயும் நறுமணத் தைலமும் கலந்தது. ஆயர் அர்ச்சித்து அனுப்பியது. குரு அதில் பெருவிரலைத் தொட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைவார். மூன்று நான்கு வினாடிதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாசனை நெற்றியில் இருக்கும்.

பாதுகாவலர் இடத்தைக் காலியாக விட்டுப் போன பெண் மூன்று வாரம் கழித்து வந்தார். அப்பா வைத்த பெயர் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், யோசேப்பை நம் முன்னோர் அழைத்த சூசையப்பர் என்ற பெயரிலிருந்து, 'சூசையம்மாள்' என்று எழுதியிருந்தார். பங்குத்தந்தை ஏன் என்று கேட்டார்.

"நற்செய்தியில ஒரு இடத்துலயும் சூசையப்பர் பேசினதா இல்லைன்னு படிச்சேன், சாமி. எங்க அப்பாவும் அதிகம் பேசமாட்டார். அவரும் தச்சு வேலைதான்."