கொப்பரை ஏன் பறக்கக் கூடாது?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறாராம். “தோப்புக் கொப்பரையைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறார்களே, நான் என்ன தங்கமா கடத்துகிறேன்?” என்று கேட்கிறார்.

முதலில் திருச்சி விமான நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாக. திருச்சி ஜங்ஷனிலிருந்து புதுக்கோட்டை சாலையில் சிறிது தூரம்தான். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாடு போய்வருகிறவர்களே இங்கே அதிகம். ஸ்ரீரங்கம் கோயிலின் சாயலோடு கட்டிய புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டு, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. வேன் பிடித்து வழியனுப்ப வரும் குடும்பம் வாசலோடு நின்றுவிட வேண்டும். அழுகையை வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா பற்றியெல்லாம் நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இனி கொப்பரை. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. போட்டுவைத்திருக்கும் பட்டியலில் அதற்கு 1363 என்று ஒரு எண்ணே உண்டு. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் என்ற 4.2ஆம் பிரிவில் அது இருக்கிறது. தீக்குச்சி வேண்டாம், மின்பொறி வேண்டாம். குவியலாகக் கிடந்தாலே போதும்.

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும்; எடையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய்தான். காய்ச்சல் போதாத கொப்பரையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. அவை மூச்சுவிடும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போதும் வெப்பம்தான். அது வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளேயே தங்கும். சூடு கூடக் கூட வினையின் வேகமும் கூடும். சிறுவயதில் எங்கள் வீட்டு வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரம் காயாமல் போர் போட்ட வருஷம் உள்ளே கை வைக்க முடியாது. அதே சங்கதிதான் இது. கூடுதலாக எண்ணெய் வேறு.

அரைக் கிலோ கொப்பரை பற்றி எரிந்துவிடுமா? பெரும்பாலும் எரியாது. ஆனால் உங்கள் கொப்பரை எத்தனை நாள் வெயில் கண்டது என்று எக்ஸ்ரே கருவிக்குத் தெரியாது. சமயபுரம் கோயிலில் உடைத்துப் பாதி காய்ந்த தேங்காய் மூடியும் சேர்ந்து வரும். அதனால்தான் ஒரேயடியாகத் தடை.

பவர் பேங்குக்கு விதி நேர்மாறாகத் தோன்றும்: அதைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இருக்கைப் பக்கம் புகைந்தால் யாராவது பார்ப்பார்கள், பணிப்பெண் தண்ணீர் ஊற்றி அணைப்பார். அடியில் சரக்கறையில் புகைந்தால் பறக்கும்போது யாரும் அங்கே போக முடியாது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அங்குள்ள தீயணைப்பு வாயுவுக்கும் எளிதில் அடங்காது. கை எட்டாத இடத்தில் நெருப்புக்கு வாய்ப்பே தரக் கூடாது என்பதுதான் விதி.

இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி, கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு பலகை வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்பது என் எண்ணம். சிவப்புக் கோடு போட்ட படங்கள் ‘கூடாது’ என்று அதட்டுகின்றன, ஏன் என்று சொல்வதில்லை. தோப்பு வைத்துத் தேங்காயோடு வாழ்கிறவர்களுக்குக் கொப்பரையின் சூட்டைப் புரியவைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. வெளிநாடு போகிறோம் என்று தெரிந்தாலே தெருவே பொட்டலத்தோடு வந்து நிற்கும். முகத்துக்கு அஞ்சி, பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் போட்டுக்கொள்கிறோம். அதற்குள் கொப்பரையோ பழைய பேட்டரியோ, அதைவிட மோசமானதோ இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்காரர்தான். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தாயே; பேரக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் சிங்கப்பூர்க் கடையிலும் கிடைக்கும்.