டெல்டா விவசாயத் தொழிலாளர் சங்கம்: மீண்டும் வலுப்பெற என்ன வழி?

அன்று எப்படி வளர்ந்தது?
1943-ல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் சங்கம் உருவானது. அமைப்பாளர் பி.சீனிவாச ராவின் தாய்மொழி கன்னடம். ஆனாலும் சேரி சேரியாகப் போய்ப் பேசினார். சவுக்கடி, சாணிப்பால் தண்டனைகளுக்கு எதிராகப் பண்ணையாட்கள் திரண்டனர். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-ல் கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.

இப்போ என்ன சிக்கல்?
அறுவடைக்கு மெஷின், நடவுக்கு வெளிமாநில ஆட்கள். வேலைநிறுத்தம் மட்டும் பலிக்காது.

என்ன செய்யலாம்?
கூலியா, மனைப்பட்டாவா, எது முதல் கோரிக்கை என்பதைக் கிராமக் கிளையே முடிவு செய்யணும். நிர்வாகிகளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். சந்தாக் கணக்கை எல்லார் முன்னாடியும் வாசிக்கணும். நாற்று நடும் பெண்கள் பொறுப்புக்கு வரணும். வெளிமாநிலத் தொழிலாளர்களையும் உறுப்பினராக்கணும். இல்லைன்னா, அவர்களுக்குத் தரும் குறைந்த கூலியே ஊர்க் கூலியாகிவிடும்.